பெரிய எலும்பு யாருக்கு

என் ஓர்ப்படி பெர்மெட் விருந்து சமைக்கும் அன்று நான் மாமியார் வீட்டுக்கு முன்கூட்டியே போய்விட்டேன். உதவிக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் எங்கே கோட்டை விடுகிறாள் என்று பார்க்கத்தான் போனேன்.

அந்த வீட்டு அடுப்பு முன்பு என்னிடம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் நாரின் என்கிற எங்கள் ஊரே மெச்சும்படி அதில் சமைத்தவள் நான். ஆனால் எங்களில் வீடு கடைசி மகனுக்கு. கொழுந்தன் பெர்மெட்டைக் கட்டிக்கொண்டு வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த தெருவுக்குக் குடிபோனோம். வீடு போனால் போகட்டும். அந்த அடுப்படியில் எனக்கு இன்னும் இடம் உண்டா இல்லையா என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

விருந்துக்கு ஒரு பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள். ஆட்டுக்கறி இல்லாததைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ளாத கூட்டம். இன்னொரு பக்கம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பெர்மெட்டின் தோழிகள் இருவர். கறி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொட மாட்டார்களாம்.

"அப்ப புல்லு மேய்வாங்களா?" என்றேன்.

"நம்ம ஆடும் புல்லுதானே அக்கா மேயுது. கொழுகொழுன்னு இல்லையா?" என்று சிரித்தாள் பெர்மெட். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

முற்றத்தில் இரண்டு கொப்பரைகள். ஒன்றில் ஆடு வெந்தது. மற்றதில் பூசணி, கொண்டைக்கடலை, குடைமிளகாய். நூடுல்ஸ் மாவில் முட்டை உடைத்திருப்பாள் என்று ஆசையோடு கேட்டேன். இல்லையாம், வெறும் தண்ணீரும் உப்பும். ரொட்டித் துண்டுகளையாவது ஆட்டுக் கொழுப்பில் பொரித்திருப்பாள், எங்கள் ஊரில் கொழுப்பை யாரும் கறியாக நினைப்பதில்லை என்று சட்டியை முகர்ந்து பார்த்தேன். சூரியகாந்தி எண்ணெய். கரண்டியைக்கூடத் தனியாக வைத்திருந்தாள், பாவி.

"வெங்காயமாவது நறுக்கித் தரட்டுமா?"

"எல்லாம் ஆச்சு அக்கா. நீங்க போய் உக்காருங்க."

எனக்கு வயிறு எரிந்தது. பந்தியில் இன்னும் எரிந்தது. என் வீட்டுக்காரர் பூசணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டு, "ஏன் ஜிபார், நீ ஒரு நாளாவது இப்படிச் செஞ்சிருக்கியா?" என்றார். நான் பூசணி செய்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர்!

ஆனால் எலும்பு பங்கிடும் நேரம் வந்தது. எங்கள் பந்தியில் எலும்புதான் மரியாதை. வால்பக்கத்துப் பெரிய எலும்பு, வந்த பெண்களில் முக்கியமான விருந்தாளிக்கு. தூரத்திலிருந்து வந்தவர்கள் அந்தத் தோழிகள். கொடுத்தால் அவர்களுக்கு அருவருப்பு, கொடுக்காவிட்டால் அவமரியாதை. மாட்டினாயடி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெர்மெட் உள்ளே போய், அரிசியும் உலர்ந்த பழமும் அடைத்துச் சுட்ட முழுப் பூசணிகள் இரண்டைக் கொண்டுவந்து தோழிகள் முன் வைத்தாள். "இது உங்க பங்கு," என்றாள். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கிழவர்கள்கூட, சரிதான் என்று தலையாட்டினார்கள்.

பெரிய எலும்பு தாம்பாளத்திலேயே கிடந்தது.

"அப்ப இது யாருக்கு அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டாள் பெர்மெட்.

அத்தை பந்தியைச் சுற்றிப் பார்த்தார். "ஜிபாருக்குக் குடு. தனிக்குடித்தனம் போயிட்டா. அவளும் இப்ப நமக்கு விருந்தாளிதானே."

குத்திக்காட்டவில்லை. மனசார, அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. எல்லோரும் நகர்ந்து, வாசலோரம் மருமகள்கள் உட்காரும் இடத்தில் இருந்த என்னை விருந்தாளிகளின் மேல்வரிசைக்கு ஏற்றினார்கள். பழக்கதோஷத்தில் என் கை தேநீர்க் கெண்டியைத் தேடியது.

பெர்மெட் அதை முந்தி எடுத்துக்கொண்டாள். "விருந்தாளி டீ ஊத்தலாமா அக்கா?"

எலும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய மரியாதை அதுதான். "எந்திரிச்சுப் போய் பாத்திரத்தைக் கழுவு ஜிபார்" என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கழுவியிருப்பேன்.