கதவைத் திறக்காத குற்றம்

என் தம்பிக்கு வலது மணிக்கட்டு அசையாது. ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டும் வேலைக்காரனுக்கு மணிக்கட்டு போனால் பிழைப்பே போன மாதிரி. வேலை பார்த்த இடத்தில் ஒரு ட்ரில் மெஷின் காணாமல் போனதற்கு இவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். மெஷின் முதலாளியின் வண்டியிலேயே கிடைத்துவிட்டது. இவனுக்குக் கைதான் திரும்பக் கிடைக்கவில்லை. படியில் தவறி விழுந்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், மகராசன்கள்.

அதிலிருந்து அவன் வாசல்படி தாண்டுவதில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மீசை வைத்த ஆம்பளை. நான் லாண்டரியில் இஸ்திரி போட்டு வீட்டை ஓட்டுகிறேன். மனித உரிமை ஆணையத்தில் மனு போடலாம் என்று நான் சொன்னபோது அவன் நஷ்ட ஈடெல்லாம் கேட்கவில்லை.

"அந்த இன்ஸ்பெக்டர ஒருத்தராவது, ஏன்யா அடிச்சேன்னு கேப்பாங்களாக்கா?" என்றான்.

கேட்பார்கள் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட ஆரம்பித்தான்.

மனு போட்டு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, லீவு சொல்லி, அவனையும் கிளப்பிக்கொண்டு ஆணையத்துக்கே போனேன். பஸ்ஸில் வழி நெடுக என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

கிளார்க் அம்மா கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மனுவை முடித்தாயிற்றே என்றார். போலீஸ் பதில் கொடுத்துவிட்டதாம். அதற்கு நாங்கள் பதினைந்து நாளுக்குள் மறுப்பு எழுதித் தர வேண்டுமாம். தரவில்லை, அதனால் தள்ளுபடி. எங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். நோட்டீஸ் மூன்று தடவை வந்திருக்கிறது, வீட்டில் ஆள் இருந்தும் வாங்க மறுத்துவிட்டார்கள் என்று ரிப்போர்ட் இருக்கிறது என்றார். எவன் கொண்டுவந்தான், எவன் மறுத்தான் என்று குரலை உயர்த்தினேன்.

"உங்க ஏரியா ஸ்டேஷன்லேருந்து ஆள் வந்து கொடுப்பாங்கம்மா. எப்பவும் அப்படித்தான்."

என் தம்பி என்னைப் பார்த்தான். எங்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஜன்னல் இடுக்கில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, தட்டுகிறவன் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒவ்வொரு தடவையும். அடித்தவன் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டு, ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? இதைத்தான் அங்கே நின்று கத்தினேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தாமதத்துக்குக் காரணம் காட்டி மறுபடி ஒரு மனு போடலாம் என்றார்.

"பயந்துட்டோம்னு எழுதலாமா?" என்று தம்பி கேட்டான். உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "பயத்த எல்லாம் காரணமா எடுத்துக்க மாட்டாங்க தம்பி. ஒடம்பு சரியில்லன்னு டாக்டர் சர்டிஃபிகேட் ஏதாவது வாங்கிட்டு வாங்க" என்றார்.

தள்ளுபடி உத்தரவு எங்கே என்றதற்கு, வீட்டுக்கே வரும் என்றார். யார் கொண்டுவருவார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தும் அவன் தட்டைத் தொடவில்லை. நான் திறந்திருக்க வேண்டும், என்னால்தான் கெட்டது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பைத்தியக்காரா, உன் மேல் என்னடா தப்பு என்று திட்டினேன், கெஞ்சினேன். எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில் கதவைத் தட்டினார்கள். நான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவதற்குள் அவனே போய்த் திறந்துவிட்டான். வாசலில் ஒரு கான்ஸ்டபிள், கையில் பழுப்புக் கவர். சின்ன வயதுப் பையன், புதிதாக வந்தவன் போலிருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினான்.

என் தம்பி பேனாவைப் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினான். வலது கை சரியாகச் சேரவில்லை. அதை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"நானே வந்துடறேன் சார்," என்றான். "அடிக்காதீங்க."