அ மறந்த இயந்திரம்

1

இந்தக் கதை ஒரு குங்குமப் பொட்டிலிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரிய எழுத்தாளர்கள் ஆழ்மனம், வாழ்வின் தரிசனம் என்று இழுப்பார்கள். எனக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. ஆவடி குடியிருப்பில் எங்கள் எதிர் வீட்டுக் கலியமூர்த்தி, தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, பாரிவாக்கத்தில் வீடு கட்டிவிட்டார். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க அவர் மகள் லோகநாயகி அம்பத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி, என்னிடம் ஸ்கூட்டர். இப்படித்தான் நான் இலக்கியத்துக்குள் இழுக்கப்பட்டேன்.

நாங்கள் போனது தொழிற்பேட்டையில் பக்தவத்சலம் என்பவரின் பட்டறைக்கு. அங்கே ஓர் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் கிடந்தது. லோகநாயகி துணியை விலக்கினாள். திரையின் நெற்றியில் சந்தனம் உதிர்ந்துபோய், குங்குமம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னும் அழியலையா?" என்று சிரித்தாள்.

வெறும் சிரிப்பு இல்லை அது. ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழி நெடுக நான் துளைத்தெடுத்தேன். அவளும் மூன்று வருஷத்துக்கு முந்தைய கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். காற்றில் பாதி விழவில்லை. விழாததை நானே போட்டுக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று:

"1991-ஆம் வருடம் அக்டோபர் மாதத்தின் ஓர் இனிய மாலைப் பொழுதில், லோகநாயகி என்ற அழகிய இளம்—"

(இங்கே நிறுத்திவிட்டேன். என் கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது என் மனைவி.)

தொடக்கம் இரண்டு:

"மனித மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிப்—"

(இது ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் கட்டுரை. நீங்கள் இந்நேரம் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் போயிருப்பீர்கள்.)

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்வோம்:

லோகநாயகி ஒரு கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொறியியல் கல்லூரியில் அதுதான் அவள் ஆராய்ச்சி. யார் எப்படி எழுதினாலும், இது அ, இது ஆ என்று இயந்திரம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு நியூரல் நெட்வொர்க் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், எனக்குப் புரிந்த அளவில் அது எங்கள் குடியிருப்பில் நடக்கும் டியூஷன்தான். ஓர் எழுத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டியது. தப்பாகச் சொன்னால் மண்டையில் குட்ட வேண்டியது. குட்டுப்பட்ட இயந்திரம் உள்ளே சில எண்களைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். மறுபடி காட்டு, மறுபடி குட்டு. நாள்கணக்கில், இடைவிடாமல்.

காட்டுவதற்கு எழுத்து வேண்டுமே? கிராஃப் தாளும் பேனாவுமாகக் குடியிருப்பில் வீடு வீடாக ஏறினாள். தூத்துக்குடிக்காரர், சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று எல்லாரும் ஒரே மதில் சுவருக்குள் இருந்த இடம் அது. ஒவ்வொருவரும் பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். எழுத்து ஓடிய கட்டத்துக்கு ஒன்று, ஓடாத கட்டத்துக்குப் பூஜ்யம் என்று அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் அடித்தாள்.

என்னிடமும் வாங்கினாள். நான் எழுதிய அ-வைப் பார்த்து இயந்திரம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். "உங்களுது மட்டும் ஏ-ன்னே சொல்லிச்சு அண்ணே. எவ்வளவு குட்டியும் கேக்கல" என்றாள். இருபது வருஷமாக எழுதுகிறேன். விமர்சகர்கள்கூட என்னை இப்படி நோகடித்ததில்லை.

3

கதையில் சிக்கல் எங்கே என்று என் மனைவி கேட்கிறாள். (தட்டச்சு செய்கிறவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் நன்றாக இருக்கும்.) சிக்கல் இதுதான்.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் தருவார்கள். இந்த டியூஷனோ நாள்கணக்கில் நடக்க வேண்டியது. ஆராய்ச்சிக் குழு ஏற்கெனவே ஒருமுறை தவணை கொடுத்துவிட்டது. விஜயதசமிக்கு மறுநாள் இயந்திரம் எழுத்தைப் படித்துக் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. குழுத் தலைவர் ராஜசேகரன், "அழகான தலைப்பும்மா, ஆனா ஒண்ணும் ஓடலியே" என்று வேறு சொல்லியிருந்தார். மூன்று வருஷ உழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கலியமூர்த்திக்குத் தெரிந்தவர் பக்தவத்சலம். சம்பளக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். "பூஜை லீவுல சும்மாதானேம்மா கெடக்கப்போவுது, வந்து ஓட்டிக்க" என்றார். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, அதையே கல்லூரிக்கும் எடுத்துப்போகலாம் என்ற அனுமதியோடு, அவள் அதை ஓடவிட்டாள். அணைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். அவளுக்குப் பயமெல்லாம் மின்வெட்டைப் பற்றித்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் தொழிற்பேட்டையில் மின்சாரம் இமைகூடக் கொட்டவில்லை. இதற்காக யாரும் மின்வாரியத்துக்கு நன்றிக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

ஆயுத பூஜை மாலை, பன்னிரண்டில் பதினொன்று தேறிவிட்டது. ஔ மட்டும் தகராறு. இன்னும் ஒரு ராத்திரி ஓடினால் போதும்.

அன்று மாலை கம்ப்யூட்டர் அணைந்தது. படித்தது அத்தனையும் போய்விட்டது.*

* கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர் இங்கே எழுந்து நிற்பது தெரிகிறது. இடையிடையே பிளாப்பியில் சேமித்து வைக்கவில்லையா? இல்லை. முழுப் பாடமும் முடிந்ததும்தான் எழுதி வைக்கும்படி அவள் நிரல் போட்டிருந்தாள். அடித்து வைத்த எழுத்துகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, குட்டின் பலன்தான் காணோம். ஏன் அப்படிப் போட்டாய் என்று நானும் கேட்டேன். "நீங்க எழுதற கதைக்கு நகல் எடுத்து வெக்கறீங்களா?" என்றாள். நீங்கள் உட்காரலாம்.

4

அணைத்தது யார்? என் முதல் வரைவில் வேம்புலி.

வேம்புலி அந்தப் பட்டறையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். பொட்டு வைக்கப் போனார், ஒட்டியிருந்த தாளைப் படிக்கத் தெரியாமல் சுவிட்சைத் தட்டினார் என்று எழுதினேன். கையில் கற்பூரத் தட்டுடன் அப்பாவியாக ஒரு சிரிப்பும் கொடுத்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. ஒரு நாள் வேலை முடிந்து அம்பத்தூரில் இறங்கி, அவரிடம் நேரிலேயே கேட்டேன்.

"இன்னா சார், நானா?" என்று எகிறினார். "பட்ச்சிட்டுத்தான் சார் உள்ளயே பூந்தேன். எட்டாங்கிளாஸ் வரிக்கும் பட்ச்சிகீறேன். பொட்டுகூட தள்ளி நின்னுகினுதான் வெச்சேன், அனல் அட்ச்சிது. கதைல என் பேர போட்டுகீறியா?"

"வேற பேர் போட்டுக்கலாம்" என்றேன்.

"பேர் கீட்டும் சார், அத்த வுடு. சுச்சிதான் வாணாம். சுச்சிய எட்த்துடு."

எடுத்துவிட்டேன். இரண்டாம் வரைவில் பக்தவத்சலத்தை வில்லனாக்கினேன். மின்கட்டணத்துக்குப் பயந்து அவர் இருட்டில் பூனைபோல— (அவர் உடம்புக்குப் பூனை சரிவராது.) மூன்றாவதில் இடி விழுந்தது. அக்டோபரில் இடி விழலாம், தப்பில்லை. அந்த இடியை நான் மூன்று பக்கம் வர்ணித்திருந்தேன்.

அதைத்தான் லோகநாயகியிடம் படித்துக் காட்டினேன். இடி விழும் இடம்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணே, அது நான்தான்" என்றாள்.

5

இனி வருவது அவள் சொன்னது. ஜோடனை எதுவும் இல்லை. (இருந்தாலும் ரொம்பக் கொஞ்சம்.)

அந்தப் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஒரு முறை உண்டு. எல்லா இயந்திரத்தையும் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி கடலை பரப்பியதும் பக்தவத்சலம் கற்பூரத்தோடு நடுவில் நிற்பார். ஏற்றுவதற்கு முன் வரிசையாகக் கேட்பார். அந்தந்த இயந்திரத்துக்காரர் அதன் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க உழைத்த இயந்திரம், அந்த ஒரு பொழுது ஓய்வெடுக்க வேண்டும். அப்போது ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் கற்பூரம் ஏற்றமாட்டார்கள்.

"லேத்து?"

"நிறுத்தியாச்சு!"

"டிரில்லிங்கு?"

"நிறுத்தியாச்சு!"

"கிரைண்டரு?"

"நிறுத்தியாச்சு!"

அந்த வருஷம் வரிசையில் புதிதாக ஓர் இயந்திரம் இருந்தது. பக்தவத்சலம் பழக்கத்தில் அதையும் கேட்டுவிட்டார்.

"கம்பூட்டரு?"

மாலையும் பொட்டுமாக அந்த வரிசை முழுவதும் அடங்கிக் கிடந்தது. அறைக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் விசிறியின் மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. வேலைக்காரர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், எல்லாரும் அறை வாசலில் நின்ற லோகநாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஃபிட்டர் மகள். வீட்டில் ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலைக்கூடத் தொடவிடாத அப்பா வளர்த்த பெண்.

"நிறுத்தியாச்சு!" என்றாள்.

"வாய்ல வந்துடுச்சு அண்ணே. சின்ன வயசுலேர்ந்து கேட்ட வார்த்தை. வந்த பிறகுதான் தெரிஞ்சுது, அது பொய்யின்னு. அவர் தீக்குச்சியக் கிழிச்சுட்டார். கற்பூரத்துக்கு முன்னால எப்படிண்ணே?"

திரும்பி உள்ளே போய் அணைத்தாள். அதன் பிறகுதான் கற்பூரம் எரிந்தது. அவளும் கும்பிட்டாள், பொரி வாங்கிக்கொண்டாள். ரயிலில் பட்டாபிராம் பக்கம் வந்த பிறகுதான் அழுதாளாம். ஆவடியில் இறங்க மறந்துவிட்டிருக்கிறாள்.

இதைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நல்ல இடி ஒன்று வீணாகிவிட்டது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நான் மூன்று வரைவில் யார் யார் தலையிலோ கட்டியதை, அவள் ஒரு வார்த்தையில் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

6

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்கு ஓடினாள். விஷயம் தெரிந்து வேம்புலி தட்டில் பச்சரிசியோடு வந்து நின்றார்.

(இந்தக் காட்சியை நானே இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். இவ்வளவு இனிப்பு எனக்கும் ஆகாது. ஆனால் நடந்தது இது.)

"யம்மா, அது எல்லாத்தியும் மறந்துட்ச்சாமே? இன்னிக்கி விஜயதசமி. கொயந்தைக்கி அரிசில எய்திட்டுத்தான ஆரம்பிக்கிறோம்? இதுக்கு மட்டும் இன்னாவாம்?"

"அண்ணே, இது மெஷின். இதுக்குக் கை கிடையாது."

"அதுக்கு இல்லாட்டி இன்னா, ஒனுக்கு கீதுல்ல? நீ எய்து."

வாதாட நேரம் இல்லாததால் எழுதினாள். அரிசியில் பெரிதாக, வட்டமாக ஓர் அ. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாளாம். பிறகு கிராஃப் தாளை எடுத்து அதை அப்படியே கட்டம் கட்டமாக வரைந்து, பழைய தாள்களுக்கெல்லாம் முன்னால் முதல் பாடமாகச் சேர்த்தாள். விரலில் ஒட்டிய அரிசி ஒன்று விசைப்பலகைக்குள் விழுந்து மாட்டிக்கொண்டது. அதன் பிறகு சம்பளக் கணக்கு அடிக்கும்போதெல்லாம் பக்தவத்சலம் அந்த அரிசியைத் திட்டினார்.

இருக்கிற ஒரு நாளில் பன்னிரண்டும் ஏறாது. அ-விலிருந்து ஊ வரை ஆறு எழுத்தை மட்டும் ஓடவிட்டாள். இந்த முறை ஒவ்வோர் எழுத்தும் தேறத் தேறப் பிளாப்பியில் எழுதி வைத்தாள். (எழுந்து நின்ற வாசகருக்கு இது சமர்ப்பணம்.)

7

முடிவுக்கு வந்துவிட்டோம். எனக்கு இதுதான் வராது.

முடிவு ஒன்று: இயந்திரம் சரியாகப் படிக்கிறது, குழு எழுந்து கைதட்டுகிறது, ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். (கைதட்டுகிற குழுவை நான் கண்டதில்லை.)

முடிவு இரண்டு: தோற்றுப்போகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவள் மௌனமாகத் தலை— ("ஏன், தோத்தா உடனே கல்யாணமா?" என்றாள் லோகநாயகி. "ஏன், கல்யாணம்னா தோல்வியா?" என்றாள் என் மனைவி. தாளைக் கிழித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவு. கல்லூரி அறையில் கம்ப்யூட்டர், பொட்டோடு. எதிரே ராஜசேகரன்.

"பன்னெண்டு சொல்லிக் கொடுக்க நினைச்சேன் சார். ஆறுதான் முடிஞ்சுது. அ-லேர்ந்து ஊ வரைக்கும்."

"ஏன்?"

"ஆயுத பூஜை சார்."

அவர் திரையையும் பொட்டையும் அவளையும் பார்த்தார். கிராஃப் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் எந்த எழுத்து வேணும்னாலும் எழுதலாமா?"

"எழுதலாம் சார்."

பேனா மூடியைத் திறந்தார்.

அவர் எழுதியது என்ன, இயந்திரம் சொன்னது என்ன, இரண்டும் எனக்குத் தெரியும். எழுதியும் விட்டேன். லோகநாயகிதான் கடைசித் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இது வேணாம் அண்ணே. படிக்கிறவங்களும் கொஞ்சம் அந்த நாற்காலியில உக்காந்து பாக்கட்டும்."

ஆகவே ராஜசேகரனை எழுப்பிவிட்டேன், நீங்கள் உட்காருங்கள். பேனா உங்களுடையதாகவே இருக்கட்டும். ஔ எழுதினால் உங்களை யாரும் தடுக்க முடியாது. என்னைப்போலக் கிறுக்கினாலும் கேட்பாரில்லை. அதைக் கட்டம் கட்டமாக அவள்தான் அடிக்கப்போகிறாள். கோணலாக இருந்தால் ஒரு புள்ளியை இங்கே நகர்த்தி, ஒரு புள்ளியை அங்கே சேர்த்து நேராக்கிவிட அவளால் முடியும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். ஆனால் அவள் செய்யமாட்டாள். ஒரே ஒரு பொய்யான வார்த்தையை மெய்யாக்குவதற்காகத் தன் மூன்று வருஷத்தை அணைத்தவள் அவள். நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ, அதுதான் உள்ளே போகும்.

கட்டம் இதோ. அவசரம் இல்லை, மெதுவாக எழுதுங்கள்.

[                    ]