நடுக்களத்திலிருந்து எல்லைக்கோட்டுக்கு

டெல்மிரோ கிரோஸின் வலது முழங்கால் கெட்டுப்போனது அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும். பதினோரு வருஷம், வாரத்துக்கு மூன்று முறை அந்தக் காலை மேஜையில் வைத்துப் பிடித்துவிட்டவன் நான். பெயர் செல்சோ. பெனாமோரா கால்பந்துக் கழகத்தின் மசாஜ்காரன். அதற்கு முன்னால் சுரங்கத்தில் முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்மிரோ வேகக்காரன் இல்லை. உயரமும் கிடையாது. தலையால் முட்டி ஒரு கோலாவது போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவான். அதற்கப்புறம் பந்தைப் பார்க்கவே மாட்டான். அது போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். எதிரணிக்காரன் பாய்ந்து வந்து சேரும்போது டெல்மிரோ கையை இடுப்பில் வைத்து நின்றுகொண்டிருப்பான்.

இருபத்தாறு வயதில் மாட்ரிட்டில் ஒரு பெரிய கழகம் அவனை வாங்கிக்கொண்டு போனது. இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். பிறகு ஊர் திரும்பினான். அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறே எட்டாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் ஆடினான்.

அவனுக்கு முப்பத்தைந்து முடிந்த வருஷம் எங்கள் அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. மார்ச் மாதம் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். இன்னும் எட்டு ஆட்டம் பாக்கி. கழகத் தலைவர் எதெல்வினா அம்மாள், ஊர் மரியாதைக்கு டோன்யா எதெல்வினா, என்னையும் டெல்மிரோவையும் தன் ஆப்பிள் மதுக்கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் உட்கார்ந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றி அவனிடம் நீட்டினார்.

"நீ பயிற்சியாளர் பரீட்சை பாஸ் பண்ணிட்டேல்ல?"

"போன கோடையிலதான் டோன்யா."

"அப்ப நாளையிலேர்ந்து நீதான் மிஸ்டர்."

எங்கள் பக்கம் பயிற்சியாளரை ஆட்டக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சரி. ஆடிக்கிட்டே பயிற்சியும் குடுத்துடறேன்."

"அது நடக்காது. சம்மேளனத்துல கேட்டாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு பதிவு அட்டைதானாம். ஆட்டக்காரன் அட்டையத் திருப்பிக் குடுத்தாத்தான் மத்தது தருவாங்க."

டெல்மிரோ கோப்பையைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பினான்.

"செல்சோ, உண்மையச் சொல்லு. இந்த முட்டி இன்னும் எத்தன ஆட்டம் தாங்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். டோன்யா எதெல்வினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு. தரை காஞ்சிருந்தா நாலு."

"இந்த ஊர்ல தரை எப்பய்யா காஞ்சுது?" என்றான்.

பன்றித் தொத்திறைச்சி போட்ட மொச்சைக் குழம்பு வந்தது. நிதானமாகச் சாப்பிட்டான். கிண்ணத்தின் அடியை ரொட்டியால் வழித்துத் துடைத்தான். பிறகு டோன்யா கொண்டுவந்திருந்த கழகத்துக் கோப்பிலிருந்து தன் அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தான்.

"போட்டோல மூஞ்சி சரியாவே விழல" என்றான்.

நான் அவனைக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம நான் என்ன உடுத்தணும் செல்சோ?" என்று கேட்டான். பதினெட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவன் அரைக்கால்சட்டைதான் போட்டிருக்கிறான்.

"கோட்டு வச்சிருக்கியா?"

"கல்யாணக் கோட்டு இருக்கு."

"அதையே போடு. பொத்தான் போட முயற்சி பண்ணாத, வயித்துல நிக்காது."

நடுக்களத்தில் அவன் இடத்துக்கு ஒரே ஆள்தான் இருந்தான், ஷுவான் போபெஸ். இருபத்தெட்டு வயது. காலையில் அப்பாவின் ரொட்டி வண்டியை மலைக்கிராமங்களுக்கு ஓட்டுவான், மாலையில் பயிற்சிக்கு வருவான். டெல்மிரோ இருந்ததால் ஆறு வருஷம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன். முதல் நாள் பயிற்சியில் டெல்மிரோ அவனிடம் எட்டாம் எண் சட்டையைக் கொடுத்தபோது போபெஸ் குதிகாலைச் சேர்த்து சிப்பாய் மாதிரி நின்றான்.

"உத்தரவு, மிஸ்டர்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்புவரை அவன் டெல்மிரோவை "கிழவா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். டெல்மிரோ எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். கோல்காரனிடம் ஒன்றும் சொல்லவில்லை, தடுப்பாட்டக்காரர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையும் போபெஸுக்குத்தான். "திரும்பு!", "இப்ப குடு!", "எடது பக்கம்!", "முன்னாடியே பாருடா!" போபெஸ் பந்தை வாங்கி ஓடுகிறவன், பாதி ஓட்டத்தில் அந்தக் குரல் கேட்டு நிற்பான், நின்ற இடத்தில் பந்தைப் பறிகொடுப்பான். எனக்குப் பக்கத்தில் டெல்மிரோவின் வலது கால் தானாகவே புல்லைத் தட்டிக்கொண்டிருக்கும், பாஸ் கொடுப்பதுபோல.

மூன்றாவது தோல்விக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. பயிற்சி நடுவில் டெல்மிரோ விசில் ஊதி நிறுத்தி, போபெஸுக்குத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்று செய்து காட்டினான். அன்றைக்கு அது நாலாவது முறை.

"போதும்யா" என்றான் போபெஸ். "மூணு ஞாயிறா என் காதுல ஒன் கொரல் மட்டுந்தான் கேக்குது. ஆடறது நானா, இல்ல ஒன் காலக் கழட்டி எனக்கு மாட்டி விட்டிருக்கியா?"

"பாக்க வேண்டிய எடத்த நீ பாக்கறதில்ல."

"நீ பாத்த எடத்த நான் பாக்கறதில்ல. ஒனக்கு எல்லாரும் நீயாவே இருக்கணும்." சட்டையைக் கழற்றினான். நனைந்த சட்டை, முகத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்து டெல்மிரோவின் காலடியில் போட்டான். "இந்தாங்க மிஸ்டர். நீங்களே ஆடுங்க."

வெறும் மார்போடு மழையில் நடந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டெல்மிரோ குனிந்து சட்டையை எடுத்தான். குனிவதற்கு அந்த முழங்கால் இடம் கொடுக்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்துதான் எடுத்தான். பிழிந்து என்னிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னான்.

எல்லோரும் போனபிறகு மசாஜ் மேஜையில் வந்து உட்கார்ந்தான்.

"அவன ஆட்டத்துலேர்ந்து தள்ளி வைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"அவன் சொன்னது தப்புன்னா தள்ளி வைக்கலாம்."

மறுநாள் காலை டெல்மிரோ போபெஸின் அப்பா ரொட்டிக்கடை வாசலில் போய் நின்று, வண்டி கிளம்புவதற்குள் ஏறி உட்கார்ந்தும் இருக்கிறான். அன்றைக்கு நடந்ததை இரண்டு பேருமே தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டு கதையும் ஒன்றாகவே இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர.

"எறங்குங்க மிஸ்டர். சூடு ரொட்டி ஏத்தற வண்டி இது. வெளியாள ஏத்தினா அப்பா கத்துவாரு."

"ரொட்டியெல்லாம் நான் போய் வீட்டுக்கு வீடு போட்டுடறேன். நீ எறங்கவே வேண்டாம்."

போபெஸ் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அந்தப் பாதையில் இருபத்துமூன்று வீடுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு துணிப்பை தொங்கும். அதில் ரொட்டியைப் போட்டுவிட்டு வரவேண்டும்.

"பச்சக் கதவுல ரெண்டு. நாய் இருக்கற வீட்ல ஒண்ணு. நாய்க்கு ஒண்ணும் போட்டுடாத, அப்பறம் வண்டி பின்னாடியே ஓடிவரும்."

டெல்மிரோ ஏறினான், இறங்கினான், ஈரமான கல்படிகளில் நொண்டினான். ஏழெட்டு வீடு போனதும் போபெஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒக்காரு, நான் போறேன்" என்று ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டான். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபோது டெல்மிரோ கேட்டான்:

"பந்து கால்ல வந்ததும் ஒனக்கு மொதல்ல என்ன தெரியும்?"

போபெஸ் வண்டியை ஒரு வளைவில் திருப்பினான். "எதிர்ல வர்றவனோட இடுப்பு."

"இடுப்பா?"

"எந்தக் கால்ல பாரத்தப் போட்டிருக்கான்னு இடுப்புல தெரிஞ்சுடும். தெரிஞ்சா மத்த பக்கமா போயிடுவேன். அதுக்கு அவன் கிட்ட வரணும்ல? அவன் கிட்ட வர்றதுக்குள்ள நீ குடு குடுங்கற."

அடுத்த மூன்று வீட்டுக்கும் டெல்மிரோ ரொட்டியை எண்ணி எடுத்துக் கொடுத்தான்.

"பதினெட்டு வருஷம் ஆடியிருக்கேன்" என்றான் கடைசியில். "ஒருத்தன் இடுப்பக்கூட நான் பாத்ததில்ல."

"பாத்திருந்தா மாட்ரிட்ல பெஞ்சுல ஒக்காந்திருக்க மாட்ட."

சொன்னபிறகுதான் போபெஸுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. பிறகு இருவரில் ஒருவன் சிரித்திருக்கிறான். முதலில் சிரித்தது யார் என்பதில்தான் இரண்டு கதையும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கு ஆள் மற்றவனைக் கை காட்டினார்கள்.

"இப்படிப் போனா பந்து பறிபோகாதா?" என்று டெல்மிரோ கேட்டான்.

"போகும். பத்து தடவைக்கு நாலு தடவ போகும்."

"அந்த நாலுக்குப் பின்னாடி ரெண்டு ஆள நிறுத்தறேன். நீ போ."

"நீ பேசாம இருப்பியா?"

"முயற்சி பண்றேன்."

"முயற்சியா? அதெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"சரி, செல்சோவப் பக்கத்துல நிறுத்திக்கறேன். வாயத் தொறந்தா கோட்டப் புடிச்சு இழுக்கட்டும்."

அப்படித்தான் மருந்துப் பெட்டியோடு எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. அடுத்த ஆட்டத்தில் பத்தொன்பது முறை இழுத்தேன். கல்யாணக் கோட்டின் பின்தையல் பிரிந்தது. ஆனால் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அடுத்ததில் பதினொரு முறை இழுத்தேன், அதையும் ஜெயித்தோம். பிறகு ஒரு டிரா, மறுபடி ஒரு வெற்றி. போபெஸ் பந்தை இழக்கத்தான் செய்தான், அவன் கணக்குப்படியே. பின்னால் நின்ற இரண்டு பேரும் அதை மீட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், அடுத்த பள்ளத்தாக்குக்காரர்களோடு. டிரா செய்தால் போதும், கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பித்துவிடலாம். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஒன்றுக்கு ஒன்று. போபெஸிடம் பந்து வந்தது. இடது ஓரத்தில் எங்கள் ஆள் ஒருவன் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்கே தெரிந்தது, மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டெல்மிரோ எழுந்துவிட்டான். வாய் திறந்திருந்தது. நான் கோட்டைப் பிடித்தேன், இழுக்கவில்லை. அவனே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

போபெஸ் பாஸ் கொடுக்கவில்லை. ஒருவனைத் தாண்டினான். இரண்டாமவனைத் தாண்டினான். மூன்றாமவன் பந்தைப் பறித்துவிட்டான். பின்னால் நிறுத்திய எங்கள் ஆட்கள் இருவருமே ஆசைப்பட்டு முன்னால் ஏறியிருந்த நேரம் அது. எதிரணியில் மூன்று பேர் எங்கள் கோலை நோக்கி ஓடினார்கள். தடுக்க ஒரே ஆள். ஆட்டம் முடிந்தது என்று நான் குனிந்து பெட்டியை மூடினேன்.

நிமிர்ந்தபோது போபெஸ் ஓடிக்கொண்டிருந்தான். அறுபது மீட்டர் இருக்கும். உழுத வயல் மாதிரி இருந்த சேற்றில், தொண்ணூறு நிமிஷம் ஆடிய காலோடு, தலையைக் குனிந்துகொண்டு ஓடினான். அவர்களுடைய ஆள் கோலை நோக்கி அடிக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் பக்கவாட்டில் சறுக்கி வந்து, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் வெளியே தள்ளினான். கார்னர் வந்தது, எங்கள் கோல்காரன் குத்தி விரட்டினான். நடுவர் ஊதிவிட்டார்.

ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. டோன்யா எதெல்வினா நல்ல செருப்போடு சேற்றில் நடந்து வந்தார். டெல்மிரோ பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நானா இருந்தா குடுத்திருப்பேன்" என்றான் என்னிடம்.

"தெரியும்."

"குடுத்து, அது தப்பிப் போயிருந்தா, நான் திரும்பி ஓடியிருக்க மாட்டேன் செல்சோ. ஓடியிருக்க முடியாது. ரெண்டு வருஷமாவே முடியாது. நீ சொல்லல. நானும் கேக்கல."

அவன் சொன்னது என்னையும் சேர்த்துத்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடிக்காமல் முகத்தில் ஊற்றிக்கொண்டான். அழுகிறானா என்று பார்க்கக்கூடாதென்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போபெஸ் தலை முதல் கால் வரை சேறாக வந்து எதிரே நின்றான்.

"எடது ஓரத்துல ஒருத்தன் தனியா நின்னான், பாத்தியா?" என்று டெல்மிரோ கேட்டான்.

"பாத்தேன்."

"அப்பறம் ஏன்?"

"இடுப்பு அவ்வளவு நல்லா தெரிஞ்சுது மிஸ்டர்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. போபெஸும் கேலியாகச் சொல்லவில்லை.

டெல்மிரோ எங்கள் ஊரில் இன்னும் ஐந்து வருஷம் பயிற்சியாளராக இருந்தான். மூன்றாவது வருஷம் மேல்பிரிவுக்கு ஏறினோம். அப்புறம் தெற்கே ஒரு கடலோரக் கழகம் அவனை அழைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பதினோரு ஆட்டத்தில் எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். வடக்கே இன்னொரு கழகத்தில் ஒன்பது வருஷம் நிலைத்தான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாரம் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தர மாட்டான். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, பந்து வரும்போது உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்பான். சொல்லத் தெரியாமல் திணறுவார்கள். சிலர் கோபப்படுவார்கள். அவன் காத்திருப்பான்.

தெற்கிலிருந்து எங்களை அனுப்பிய அன்று, பதினான்கு மணி நேர ரயிலில் வீடு திரும்பினோம். ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போபெஸுக்குப் போன் போட்டான். திரும்பி வந்து இருக்கையில் சாய்ந்துகொண்டான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி கெளம்புதாம். சும்மாதானே இருக்கே, வந்து வீட்டுக்கு வீடு ரொட்டியப் போடுங்கறான்."

"போவியா?"

"எனக்கு வேற என்ன வேல இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். ரயில் மலைகளுக்குள் நுழையும்வரை நன்றாகத் தூங்கினான்.