தேவையில்லாத ஆரஞ்சு

தங்கையின் ஓவியம் என்பதற்காகத் தாட்சண்யம் பார்க்கப்போவதில்லை என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். பத்திரிகையில் ஓவிய விமர்சனம் எழுதுகிறவள். கூடப்பிறந்தவளுக்குச் சாமரம் வீசினாள் என்று ஒருத்தரும் வாயைத் திறந்துவிடக் கூடாது.

கட்டுரையை அனுப்புமுன் கணவருக்கு வாசித்துக் காட்டினாள்.

“‘மேசைமுன் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகு. முகமே இல்லை. பூட்டிய பீரோவைப் போல் கேன்வாஸை அடைத்துக்கொண்டு, ஜன்னலை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. தோள்களில் அழுக்குப் பச்சை, மடிப்புகளில் கத்தரிப்பூ நிறம். யாரையும் கிட்டே சேர்க்காத உடம்பு. தோளில் கிடக்கும் மஞ்சள் துண்டுகூட...’ என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல. நீ படி.”

“‘கழுத்தோரம் ஓடும் ஆரஞ்சுக் கோடு தேவையில்லாதது. படத்தின் கண்டிப்பைக் குலைக்கிறது.’”

“பீரோன்னு எழுதியிருக்கியா?”

“ஏன், பொருந்தலையா?”

“அச்சு அசல் பொருந்துது. அந்த மஞ்சள் துண்டு இப்ப எங்க இருக்குன்னு பாரு.”

தோளைத் தொட்டாள். தலை துவட்டிய துண்டு அங்கேதான் கிடந்தது.

கண்காட்சியின் தொடக்க விழாவில் ஆளாளுக்கு வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். எழுதப்போகும் விமர்சனத்துக்கு முன்கூட்டியே மரியாதை என்று நினைத்து, தலையை லேசாக அசைத்து வேறு ஏற்றுக்கொண்டிருந்தாள். இப்போது காது வரை சுட்டது. முகத்தை அன்றாடம் கண்ணாடியில் சரிபார்ப்பவள், முதுகுப் பக்கத்தை ஊரார் பார்வைக்கே விட்டுவைத்திருந்தாள்.

காட்சிக்கூடத்துக்கு ஓடினாள். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்கத்தானே வந்தேன்! கதவைத் திறந்துட்டு நின்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? ‘இருடி, எழுதிட்டிருக்கேன்’னே. திரும்பக்கூட இல்ல. சரி, இருக்கிற நேரத்துல ஸ்கெட்ச் போடுவோம்னு போட்டுட்டேன்.”

“என் முதுகு இவ்வளவு பெரிசா?”

“குறைச்சுத்தான்கா போட்டேன்.”

“அந்த ஆரஞ்சு?”

“நான் திறந்த கதவு வழியா வந்த வெயில். உன் கழுத்துல பட்டுது. உனக்குத்தான் தெரியல.”

அக்கா படத்தின் கிட்டே போய்ப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் ஓவியக் கத்தியால் அப்பிய சாயம். கழுத்தோரம் மட்டும் ஒரு சின்னத் தூரிகை, தூங்குகிறவளை எழுப்பிவிடாமல் தொடுவதுபோல், மெதுவாக நகர்ந்திருந்தது. இதையா தேவையில்லாதது என்று எழுதினோம்?

அங்கேயே நின்றபடி கைப்பேசியில் கட்டுரையைத் திறந்து, அந்த வரியை அடியோடு அழித்தாள். தங்கை அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அப்படியே அந்தப் பீரோவையும் எடுத்துடேன்கா.”

“அது விமர்சனம்டி. அதுல தாட்சண்யம் கிடையாது.”

சொல்லிவிட்டுச் சற்று யோசித்தாள். ‘பூட்டிய’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, கட்டுரையை அனுப்பினாள்.