கிறகோரியின் வலது கால்

1

"நான் போவன்."

"போகேலாது எண்டு சொல்லுறன்—"

"இருவது வருசமா அந்தக் கதிரையிலை—"

"இருவது வருசமும் உங்களுக்குப் பத்து விரல் இருந்தது."

"இப்ப எட்டு இருக்கு. காணாதோ? விரல் எண்ணிப் பாத்தே அப்போஸ்தலர் எடுக்கிறவை?"

"மெல்லக் கதையுங்கோ. முன்னுக்கு ஒரு மனிசி இருக்கு."

"அந்த மனிசி ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. அதுக்குக் காது கேளாது போலை."

அந்த மனிசி நான். காது வடிவாகக் கேட்கும். கழுத்துத்தான் திரும்பாது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, சீனி வருத்தக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நீட்டு மர வாங்கில் இருந்தேன். கழுத்தெலும்பு தேய்ந்துபோனதால் எனக்கு ஒரு பட்டி போட்டிருக்கிறார்கள். நேரே முன்னால் இருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அன்றைக்கு முன்னால் இருந்தது ஒரு சுவரும், பத்து நிமிடம் பிந்தி ஓடுகிற ஒரு மணிக்கூடும். பின் வாங்கில் ஒரு புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்தார்கள். ஒரு மணித்தியாலம் கேட்டேன். அவர்கள் முகத்தை இன்றுவரை நான் கண்டதில்லை.

அதை ஒரு பெரிய குறையாக நான் எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "பின் வாங்கிலை ஆர், உதயகலாவோ கதைக்கிறது?" என்று கேட்பேன். ஒருநாளும் பிழைத்ததில்லை. கதைகளும் எனக்கு அந்த வழியால்தான் வரும். முதலில் குரல் வரும். மூக்கும் முழியும் பிறகு, வந்தால் வரும்.

தாதி மிஸ்ஸி பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் அவர் கிறகோரி என்று தெரிந்தது. மனைவிக்குக் கத்தரீனா என்று நான் பெயர் வைத்தேன். ஊர் குருநகர். அது பேச்சிலேயே தெரிந்தது.

2

நான் இணுவில்காரி, சைவம். எந்தக் கதிரை, என்ன அப்போஸ்தலர் என்று விளங்கவில்லை. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த லூர்த்தம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"பெரிய வியாழன் பூசையிலை பன்னிரண்டு ஆம்பிளையளை வரிசையாக் கதிரையிலை இருத்துவினம்," என்றாள். "சுவாமியார் முழங்காலிலை நிண்டு ஒவ்வொருத்தற்றை காலையும் கழுவி, துவாயாலை துடைச்சு, முத்தம் குடுத்துக் கொஞ்சுவார். ஆண்டவர் தன்ரை சீடருக்குச் செய்ததைத் திருப்பிச் செய்யிறது."

"ரெண்டு காலுமோ?"

"ஒரு கால். எங்கடை பங்குக் கோயிலிலை வலது."

"இடது காலைக் குடுத்தால்?"

"ஏன் குடுக்கவேணும்?"

"ஒரு கதைக்கு."

"உன்ரை கதைக்காக எங்கடை சடங்கை மாத்தாதை."

மாற்றவில்லை. கிறகோரி இருபது வருடமாக ஏழாவது கதிரைக்காரர். போன செப்டெம்பரில் அவருடைய வலது காலின் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். இந்த வருடமும் போய் இருப்பேன், அதே காலை நீட்டுவேன் என்கிறார். கத்தரீனா மறிக்கிறாள். நான் கேட்ட சண்டை இவ்வளவுதான்.

3

கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்:

[குருநகர்க் கடலில் சூரியன் மெல்ல —] வெட்டு. எழுபத்தெட்டு வயதில் ஒருத்தி சூரியனோடு தொடங்கினால் அவளுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

[கிறகோரி பிடிவாதக்காரர் என்றாலும் நல்ல —] வெட்டு. எனக்கு எப்படித் தெரியும்?

[கத்தரீனா அந்த விரல்களை முதன்முதலாகக் கண்டது தன் பத்தொன்பதாவது வயதில்.] இது நிற்கட்டும்.

முகத்துக்கு முதல் அவள் கண்டது அவருடைய கால் விரல்களைத்தான். வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அணியத்தில், அந்த முன் மூக்கு மரத்தில், ஒரு பொடியன் ஒன்றையும் பிடிக்காமல் நின்றான். வள்ளம் ஒருபக்கம் சரியும்போது விரல்கள் விரிந்தன. மற்றப் பக்கம் சரியும்போது மரத்தைக் கவ்வின. உடும்புப் பிடி. "உவன் ஆர், காலாலை கடலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்?" என்று அவள் பக்கத்தில் நின்ற சிநேகிதியைக் கேட்டது அவனுக்குக் கேட்டுவிட்டது. வேணுமென்றே ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். விழவில்லை.

கலியாணத்தன்றுதான் அவர் முதன்முதல் சப்பாத்துப் போட்டது. கோயில் வாசல்வரை பொறுத்தார். வெளியே வந்ததும் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சனம் பாக்குது, போடுங்கோ."

"நான் கட்டினது உன்னை. உதுகளை இல்லை."

வெள்ளை மேஸ் போட்ட காலோடு, சப்பாத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு, மாப்பிள்ளை றோட்டால் நடந்து வந்தார். மாமி மூன்று நாள் கதைக்கவில்லை. கத்தரீனா அந்த மேஸைத் தோய்க்கும்போது தனியே சிரித்தாள்.

பிறகு வந்த வருடங்களில் அந்தப் பெருவிரலும் பக்கத்து விரலும் வீட்டில் மூன்றாவது கையாக இருந்தன. கிழிந்த வலையைப் பொத்தும்போது ஒரு முனையை அந்த இரண்டுக்கும் நடுவில் கொழுவி இழுத்துப் பிடிப்பார். கைப்பிள்ளைகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நின்றார்கள். இப்போது வலை முனையைக் கதிரையில் கட்டுகிறார். அது அவர் இழுக்கிற பக்கமெல்லாம் கூடவே வருகிறது.*

*என் வலக்கைப் பெருவிரல் மூட்டும் வீங்கித்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத விடாது. இந்தக் கதை சில இடங்களில் திடீரென்று நின்றால் அது உத்தி என்று நினைக்கவேண்டாம். விரல் நோ.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கத்தரீனா ஏன் மறிக்கிறாள்?

முதல் எழுதியபோது வெட்கம் என்று எழுதினேன். [வெட்டுப்பட்ட காலைச் சபைக்கு நடுவில் நீட்டுவதா என்று அவள் கூச்சப்பட்டாள் —] அவள் அந்த வசனத்தைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். மீன் வெட்டி, ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறு மாதமாக அந்தக் காலுக்கு மருந்து கட்டுகிறவள். அவளுக்கு என்ன கூச்சம்? அவளுடைய குரலில் நான் கேட்டது பயம்.

ஆகவே பின்னுக்குப் போய், ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை நேரத்தை எழுதினேன்.

கூட்டித் துடைத்த சீமெந்துத் தரையில் சிவப்பாகப் பெருவிரல் அடையாளங்கள். வாசலிலிருந்து அடுப்படிவரை.

"வெத்திலையைத் துப்பிப்போட்டு அதிலையே உழக்கித் திரியிறியளோ?"

"நான் வெத்திலை விட்டு மூண்டு மாசம்."

குனிந்து பார்க்க அவளுடைய முழங்கால் விடாது. காலைத் தூக்கி முக்காலியில் வைக்கச் சொன்னாள். மட்டிச் சிப்பி ஆழமாகக் கீறியிருந்தது.

"நோகேல்லையோ?"

"இல்லை," என்றார், பெருமையோடு.

அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: கடல் தண்ணீர். அவருடைய தகப்பனும் பாட்டனும் எந்தக் காயத்தையும் அதில்தான் ஆற்றினார்கள். அவர் நடக்கக்கூடாது என்பதால், கத்தரீனா ஒரு பெயின்ற் வாளியோடு கரைக்குப் போய், இரண்டு இடத்தில் இளைப்பாறி, தண்ணீர் கொண்டு வந்தாள். அதைச் சுடவைத்தது அவளுடைய யோசனை. திருக்கை குத்தினால் சூடு பொறுக்கக்கூடிய மட்டும் சுடுதண்ணீர் ஊற்றவேண்டும் என்பது கரையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். முள்ளுக்குச் சரி வருவது சிப்பிக்கும் சரி வரும்தானே.

"சூடு கூடவோ?"

"சூடே இல்லை. பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு."

இன்னும் இரண்டு தகரப் பேணி விட்டாள்.

"இப்ப?"

"விறகு மிச்சம் பிடிக்கிறியோ? விடு, விடு."

விட்டாள். ஆவி எழும்பியது. கண்ணில் வெண்படலம் உள்ளவளுக்கு ஆவிக்குள்ளே தோலின் நிறம் எங்கே தெரியப்போகிறது. ஆறு பிள்ளைகளுக்கும் குளிக்க வார்க்கும்போது முழங்கையை விட்டுச் சூடு பார்த்தவள், அன்றைக்குப் பார்க்கவில்லை. பெரிய ஆள்தானே, சுட்டால் சொல்வார்தானே.

சீனி வருத்தம் அந்தக் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரி. டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உதுக்குச் சுடுதண்ணி ஊத்தினது ஆர்?"

கத்தரீனா வாயைத் திறந்தாள்.

"நான்தான், டொக்டர்," என்றார் கிறகோரி. "மனிசி வேண்டாம், வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல ஊத்தினனான்."

பொய் சொன்னதோடு நிற்காமல், சேலைக்குப்போல் அதற்கு ஒரு கரையும் கட்டினார். டொக்டர் பத்து நிமிடம் ஏசினார். கிறகோரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு வீட்டில் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

ஊரில் கதை இருந்தது. பிடிவாதக்காரன் காலைத் தானே அவித்துவிட்டான், பாவம் கத்தரீனா. கோயில் மூப்பர் சூசைதாசன் வழியில் மறித்து, "உன்னைப் போலை ஒரு மனிசி கிடைக்க அண்ணை குடுத்து வைச்சவர்," என்றான். அவள் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதமாக அவளுக்குப் புகழ். ஒவ்வொரு புகழும் ஒரு பேணி கொதிதண்ணீர்.

[இந்த உவமையை லூர்த்தம்மா வெட்டச் சொன்னாள். இருக்க விடுகிறேன்.]

வியாழக்கிழமை அந்தக் கால் வெளியே வந்தால் சனம் திரும்பவும் கேட்கும். அவர் திரும்பவும் சொல்வார், இம்முறை பீடத்துக்கு முன்னால். அவர் இரண்டாம் தரம் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது வாங்கில் இருக்க அவளால் ஏலாது. அதனால்தான் மறிக்கிறாள்.

அவர் ஏன் போக நிற்கிறார் என்பதை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதை என் முதுகுக்குப் பின்னால் அவரே சொன்னார்:

"கடலும் போயிட்டுது. சீனி எண்டு தின்னுற பணிஸும் பாதிதான் தாறாய். அந்தக் கதிரை ஒண்டுதான் மிச்சம்."

5

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) கிறகோரி போகிறார். சுவாமியார் வந்ததும் இடது காலை நீட்டுகிறார். ஐந்து விரலும் உள்ள கால். சுவாமியார் ஒன்றும் கேளாமல் கழுவுகிறார். எல்லாருக்கும் நிம்மதி. வலது கால் சப்பாத்துக்குள்ளே இருக்கிறது, அதோடு சுடுதண்ணீர்க் கதையும். எனக்குப் பிடிக்கவில்லை. அணியத்தில் காலைத் தூக்கிக் காட்டினவன் இப்படிச் செய்வானா?

(ஆ) ஏழாவது கதிரையில் கத்தரீனா. இந்தக் காலத்தில் பெண்களையும் இருத்தலாம் என்று லூர்த்தம்மா சொன்னாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், விரல் நோவையும் பாராமல். ஆனால் கத்தரீனா கதிரையில் இருக்க மறுத்துவிட்டாள். "என்ரை காலுக்கு என்ன? ரெண்டும் முழுசாக் கிடக்கு," என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

(இ) கிறகோரி வலது காலை நீட்டுகிறார். இளம் சுவாமியார் ஒருகணம் பார்த்துவிட்டு, குனிந்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். கிழவருக்குக் குளிருமோ என்ற நல்லெண்ணத்தில் மெல்லக் கேட்கிறார்:

"தண்ணி சூடு காணுமோ, ஐயா?"

கிறகோரிக்குத் தெரியாது. அந்தக் காலுக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. தலையைத் தூக்கி மூன்றாவது வாங்கைப் பார்க்கிறார். கத்தரீனா முன் வாங்கின் சாய்வைப் பிடித்துக்கொண்டு, விடாத முழங்காலோடு எழும்பி நின்று —

இந்த இடத்தில் லூர்த்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பூசைக்கு நடுவிலை சுவாமியார் அப்பிடிக் கேக்கமாட்டார்."

"என்ரை சுவாமியார் கேப்பார்."

"சரி, கேக்கட்டும். அவ எழும்பி என்ன சொல்லுறா?"

"தெரியாது."

"உனக்குத் தெரியாட்டி ஆருக்கடி தெரியும்?"

6

ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன்.

நான் உண்மையில் கேட்டது கதிரைச் சண்டை, எட்டு விரல், பாதிப் பணிஸ். மட்டிச் சிப்பி, பெயின்ற் வாளி, அணியத்தில் நின்ற பொடியன், கையில் ஆடிய சப்பாத்து எல்லாம் நான் பிறகு சேர்த்தவை. அப்படிச் சேர்க்க வைத்தது கடைசியில் கேட்ட ஒரே ஒரு கேள்வி. அதை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தேன்.

மிஸ்ஸி, "நாப்பத்து மூண்டு, கிறகோரி," என்று கூப்பிட்டாள். பின்னால் பொல்லு தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கால் பாரமாக, ஒரு கால் இலேசாக. அவர் எழும்பிவிட்டார். அப்போதுதான் அவள் கேட்டாள், சண்டை பிடித்த குரலில் அல்ல. அவ்வளவு நேரமும் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில்.

பொல்லு நின்றது.

அவருடைய வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தலையை ஆட்டியிருக்கலாம். சிரித்திருக்கலாம். அவளுடைய தோளில் கையை வைத்திருக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். நான் இரண்டு கையையும் வாங்கில் ஊன்றி, அலுமாரியைத் திருப்புவதுபோல் என் முழு உடம்பையும் திருப்பினேன். திருப்பி முடித்தபோது பின் வாங்கில் ஒருவரும் இல்லை. பணிஸ் சுற்றிய கடதாசி மட்டும் நாலாக மடித்தபடி கிடந்தது.

முப்பத்தொரு வருடம் திரும்பாமலே பிள்ளைகளைப் பிடித்தவள், முதல் தரமாக, திரும்பிப் பார்த்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத என்னால் ஏலாது. உங்களுக்குக் கழுத்துத் திரும்பும். அவள் கேட்டதை அப்படியே தருகிறேன், அவருடைய முகத்தை நீங்கள் பாருங்கள்.

"இஞ்சருங்கோ. அண்டைக்கு டொக்டரிட்டை, நீங்கள்தான் ஊத்தினது எண்டு ஏன் சொன்னனீங்கள்?"