கழுவிய வண்டி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. போர்வை இருந்தால் காலை மூடிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது குளிர் கதை. நடுவில் கை கொஞ்சம் சில்லிடும், முடிவதற்குள் தானாகச் சூடாகிவிடும். அதற்கு நான் பொறுப்பு.

ஒரு மெக்கானிக் இருந்தார். மீன் கிடங்குகளில் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் அவரை வடகோடியில் இருந்த கிடங்குக்கு அனுப்பினார்கள். மரம்கூட முளைக்க யோசிக்கும் இடம் அது.

"ஊரே ஐஸ் பெட்டி. அதுக்குள்ள இருக்கிற ஐஸ் பெட்டிக்கு நீங்க மெக்கானிக்கா?" என்று சிரித்தாள் மனைவி. சிரித்துக்கொண்டே தானும் மூட்டை கட்டினாள். கூடவே ஆறு வயது மகள். வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விடுமுறை நாளில், பாதை முடிகிற இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள். அங்கே கடல் உறைந்து கிடக்கிறதாம். கிடங்குக் காவலாளி தன் காரைக் கொடுத்தார். அப்படியே ஓட்டிப் போங்கள், துடைக்கக்கூட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். நம் ஆட்களுக்கு மனசு கேட்குமா? இரவல் வண்டி, குடும்பத்தோடு போகிற பயணம், மேலெல்லாம் சேறு. மனைவி முகம் சுளித்தாள். மெக்கானிக் வண்டியைச் சூடான பட்டறைக்குள் விட்டு, குழாயைத் திறந்து, கதவிடுக்கு வரை கழுவிப் பளபளவென்று ஆக்கினார். துடைத்தும் வைத்தார். கதவைச் சுற்றி ஓடும் ரப்பருக்குள் தண்ணீர் தங்கியதை யார் பார்த்தார்கள்?

வழியெல்லாம் வெள்ளை. வண்டிக்குள் ஹீட்டர் வெக்கை தாங்காமல் ஆளாளுக்குக் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். வாலு பாடி, வம்பளந்து, கடைசியில் பின் இருக்கையில் தூங்கிப்போனாள். பாதை முடிந்தபோது பிள்ளையை எழுப்ப மனசில்லை. இருவர் கோட்டையும் அவள் மேல் போர்த்திவிட்டு, ஒரே நிமிடம், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஸ்வெட்டரோடு இறங்கினார்கள். பழக்கதோஷத்தில் இஞ்சினையும் அணைத்துவிட்டார் அவர்.

அந்த ஒரு நிமிடம் நீண்டுவிட்டது. அப்படிக் கிடந்தது கடல், ஓங்கிய அலை ஓங்கியபடியே நின்றுபோனதுபோல். காற்று ஊசியாகக் குத்தத் தொடங்கிய பிறகுதான் ஓடி வந்தார்கள்.

கதவு வரவில்லை.

பூட்டவில்லையே என்று மறுபக்கம் ஓடினாள் அவள். அதுவும் வரவில்லை. பின்கதவுகளும் அப்படியே. இறங்கும்போது உள்ளே புகுந்த குளிரில் கழுவிய தண்ணீர் உறைந்து, எல்லாக் கதவையும் ஒட்டவைத்துவிட்டது. அவர் முன்கதவை இரு கையாலும் இழுத்தார். கைப்பிடி மளுக்கென்று கையோடு வந்துவிட்டது. போன் கோட்டுப் பையில். கோட்டு பிள்ளை மேல். கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லை.

அவள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டு கோட்டுக்கடியில் வாலு நிம்மதியாக உறங்கினாள். பிள்ளைக்கு இப்போதைக்குக் குறையில்லை; எழுப்பினாலும் ஒட்டிய கதவை அந்தப் பிஞ்சுக் கையால் தள்ள முடியாது. ஆனால் வெளியே இருவரும் சுருண்டு விழுந்துவிட்டால், விழித்து யாரைக் கூப்பிடுவாள்?

அவர் கண்ணாடியை உதைக்கக் காலை ஓங்கினார். அவள் குறுக்கே வந்து நின்றாள். உடைந்த கண்ணாடியோடு இந்தக் காற்றில் அத்தனை தூரம் திரும்பினால் பிள்ளை என்ன ஆவாள் என்றாள். அவர் கேட்காமல் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

"விடுங்க அதை." அவளுக்கு நாக்குக் குழறியது. "உங்க குளிர் ரூம் கதவு இப்படி ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அதை இழுக்கக் கூடாது. முதல்ல உள்பக்கமா அழுத்தணும். ஐஸ் நொறுங்கும்."

"பின்ன இது மட்டும் என்ன, மாமியார் வீட்டுக் கதவா? அழுத்துங்க."

அவர் கைப்பிடியை விட்டார். பிறகு இருவரும் தோளைக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள். அவளுக்கு விரல் இருப்பதே தெரியவில்லை. மறுபடியும். உள்ளே எங்கோ முட்டை ஓடு நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். அவர் கைப்பிடியை மெல்ல, கெஞ்சுவதுபோல், இழுத்தார். கதவு வந்தது.

வாலு கண்ணைத் திறந்தாள். "ஏம்ப்பா வண்டியைப் போட்டு ஆட்டுறீங்க? நான் தூங்குறேன்ல?"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். கை சில்லென்று இருக்கிறது, தொடாதே என்று பிள்ளை சண்டைக்கு வந்தது. மெக்கானிக் இருக்கையைத் தாண்டிக் குரங்குபோல் முன்னால் போனார். இஞ்சின் இருமியது, முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்து காவலாளியிடம் கைப்பிடியை நீட்டினார். காவலாளி அதையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். கழுவினீர்களா என்று மட்டும் கேட்டார். நான்தான் கழுவினேன் என்றார் மெக்கானிக். நான்தான் கழுவச் சொன்னேன் என்றாள் மனைவி. இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதில் காவலாளிக்குக் கோபம் பாதியில் சிரிப்பாகிவிட்டது.

கை சூடாயிற்றா கண்ணுகளா? உங்கள் வீட்டுக் கதவு உங்கள் கை பட்டதும் திறக்கட்டும். உள்ளே தூங்குகிற பிள்ளைகள் வெளிக்குளிர் அறியாமல் தூங்கட்டும். எட்டிப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரட்டும்.