எழுத அனுமதி இல்லை

சேமி என்ற பொத்தானை அழுத்தியதும், "எழுத அனுமதி இல்லை" என்றது திரை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பதில்.

அவள் அந்தச் சிகிச்சை மையத்தில் பேச்சுப் பயிற்சி தருபவள். எதிரே நாற்காலியில் இருந்தவர் அவளுடைய மாமியார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து பேசாதவர் சற்றுமுன் ஒரு சொல் சொல்லியிருந்தார். பதிவான அந்தக் குரல் இப்போது திரையில் திறந்திருந்த பக்கத்தில் மட்டுமே இருந்தது. பக்கத்தை மூடினால் போய்விடும். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அத்தையின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை.

மையத்தின் வலைத்தளத்தைக் கட்டிய அவள் கணவன் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தான்.

"அம்மா பேசினாங்களா? என்ன சொன்னாங்க?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக்குங்க. முதல்ல உங்க பொத்தானைச் சரி பண்ணுங்க."

"போட்டுக் காட்டேன்."

"சேமிச்சாத்தான் கேக்க விடுவேன்னு கட்டி வெச்ச புண்ணியவான் யாரு?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான். பதிவுகளைச் சேமிக்கும் இடத்தை அன்று காலைதான் மாற்றியிருந்தான். முன்பு வலைத்தளம் ஓடும் கணினியிலேயே இருந்தவை, இனி நெட்வொர்க் வழியாகக் கீழ்த்தளத்திலிருக்கும் டிரைவுக்குப் போக வேண்டும். வலைத்தளத்தின் கணக்கிலிருந்தே ஒரு வெற்றுக் கோப்பை அங்கே அனுப்பிப் பார்த்தான். சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

"எழுத முடியுது. எழுதலாமான்னு முன்னாடியே நிரல்ல ஒரு வரி கேக்குது பாரு, அதுக்குத்தான் முடியாதுன்னு பதில் வருது."

"யார்கிட்ட கேக்குது?"

அவன் கை அப்படியே நின்றது. அந்த வரி கீழ்த்தளத்து டிரைவைக் கேட்கவே இல்லை. வலைத்தளம் ஓடும் கணினி, எது யாருடையது என்று தன்னிடம் குறித்திருந்த உரிமையாளர் எண்களைப் பார்த்துவிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் உள்ளே இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்புகிற கதை.

"அந்த வரியை எடுத்துடறேன். நேரா எழுதட்டும். நிஜமாவே முடியலேன்னா அப்ப சொல்லட்டும். நீ மட்டும் அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணிடாத."

"மூச்சே விடல, போதுமா?"

அவன் தலையசைத்ததும் பொத்தானை அழுத்தினாள். 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. அதன் கீழே கேட்கும் பொத்தானும் வந்தது.

முதலில் நாற்காலி கிறீச்சிட்டது. "இது என்ன படம், அத்தை?" என்று அவள் குரல். நீண்ட மௌனம். பிறகு கரகரப்பாக, கொஞ்சம் எரிச்சலாக:

"தள்ளும்மா."

"படத்தை நானே மறைச்சுக்கிட்டு நின்னுட்டேன்," என்றாள். சமையலறையில் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கும்போதெல்லாம் அத்தை சொல்லும் சொல் அது. அதைக் கேட்டு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. இப்போது அதையே திரும்பக் கேட்க விரல் பொத்தானுக்குப் போனது.

அவன் அம்மாவைப் பார்த்தான். குரல் வந்த பக்கமாக அவர் தலையைச் சாய்த்திருந்தார், அங்கே யாரோ வந்திருப்பதுபோல. இடக்கை மெல்ல மேலேறித் தொண்டையைத் தொட்டது.

மறுபடி போட்டாள். விரல்களுக்கடியில் தொண்டை அசைந்தது. காற்று வந்தது. காற்றோடு மெல்லிய ஒலியும் வந்தது.

"தள்... ளு..."

இருவரும் நகராமல் நின்றார்கள்.